மன உறுதியும் மா ரொட்டியும்

மனோபலம் என்ற சொல் இன்று நம்மிடையே மலிவாகிவிட்டது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு மேடையிலே அது முழங்குகிறது. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்திலே அது தலைப்பாகிறது. மலையகத்தைப் பாடும் கவிதைகளிலோ பொறுமை, சகிப்பு, அயராமை எனப் பல வேடங்கள் பூண்டு உலவுகிறது. நெடுந்தூரம் ஓடியவனும், நாள் முழுவதும் கூடையோடு மலையேறியவளும் உடலால் வெல்லவில்லை, மனத்தால் வென்றார்கள் என்று சொல்லிவிட்டால், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒருவகை நிறைவு உண்டாகிறது. அந்த நிறைவு எதை மறைத்து வைக்கிறது என்பதையே நாம் இங்கே ஆராய விரும்புகிறோம்.

கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிரம்பியது. அதன் கரையில் நின்று றம்பொடைப் பக்கமும் பூண்டுலோயாப் பக்கமும் அண்ணாந்து பார்க்கிற பிரயாணிகள், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறதென்று வியக்கிறார்கள். அக்கம்பளத்தின் சரிவு எத்தகையது என்பதை அதில் ஏறி இறங்கும் கால்களே அறியும். மழையில் வழுக்கும் மண், அட்டை, காலைப் பனி, முதுகிலே நிறைய நிறையக் கனத்துக்கொண்டே போகும் கூடை; இவற்றோடு எட்டு மணி நேரம். வேறு நாடுகளில் சிலர் பணம் கொடுத்துப் பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டு பழகும் நெடுநேர உடலுழைப்பு, இங்கே அன்றாடச் சீவனமாக இருக்கிறது. ஆகவே, நெடுநேரம் உழைக்கும் உடல் எதைக் கொண்டு இயங்குகிறது, சோர்ந்து விழப்போகும் வேளையில் மனம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விகள் நமக்கு வைத்தியசாலைக்குரியவை மாத்திரமல்ல. உழைப்பைப் பாடிய ஓர் இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதும் அவற்றின் விடையைப் பொறுத்ததே.

முதலில் உடலைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் உண்ணும் சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாச்சத்து, கிளைக்கோஜன் என்ற வடிவிலே தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. அச்சேமிப்பு நன்கு உண்ட மனிதரிடத்திலும் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். கடும் வேகத்தில் ஓடுபவருக்கு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அது வற்றத் தொடங்கிவிடும். அதன் பின் கொழுப்பு எரியும். ஆனால் மெல்லத்தான் எரியும். வேகம் குறையும், கால் பின்னும், கண் இருளும். 1924இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை வைத்தியர்கள் சிலர் சோதித்தபோது, துவண்டு விழுந்தவர்களிடம் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. அடுத்த ஆண்டு, முதல் நாளே மாச்சத்து மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும்போதும் மிட்டாயைக் கொடுத்தார்கள். துவளல் நீங்கியது, ஓட்டமும் சிறந்தது. முந்திய ஆண்டில் அவர்களைக் கண்டவர்கள் மனம் தளர்ந்துவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று நெடுநேரம் ஓடுபவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்தும், தாகத்துக்கேற்ற நீரும், வியர்வையில் போன உப்பும் வேண்டுமென்பது பயிற்சியாளர் எவரும் அறிந்த பாடம்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் மனம் என்பது வயிற்றின் நிழல் மாத்திரமே என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது நம் அணியினர் சிலருக்கு உவப்பான முடிவுங்கூட. ஆயின் உண்மை அவ்வளவு எளிதாயில்லை. 2004இல் இங்கிலாந்திலே சைக்கிளோட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாச்சத்துக் கரைத்த நீரை வாயிலிட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கலாகாது. வெறும் நீரைக் கொப்பளித்த நாளைவிட அந்த நாளில் அவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம் விரைவாக ஓட்டி முடித்தார்கள். வயிற்றுக்குள் ஒரு துளியும் போகவில்லை. உணவு வருகிறது என்ற செய்தி மூளைக்கு எட்டியது. மூளை கால்களின் கடிவாளத்தைச் சற்றே தளர்த்தியது. 2009இல் வேல்சிலே நடந்த இன்னொரு சோதனையில், ஒன்றரை மணி நேரம் மூளையைக் கசக்கும் வேலையைச் செய்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள், ஓய்ந்திருந்து மிதித்த நாளைவிட முன்னதாகவே கைவிட்டார்கள். இதயமும் தசையும் மாறவில்லை; அதே மிதி கூடுதல் பாரமாகத் தோன்றியது, அவ்வளவே. மனம் களைத்தால் மலையின் உயரம் கூடுகிறது என்பது கவிஞனின் கற்பனை மாத்திரமன்று.

ஆகவே மன உறுதி என்று ஒன்று உண்டு. அது வெறுங்காற்றில் நிற்பதில்லை என்பதே நமது வழக்கு. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து நடத்திய பட்டினி ஆராய்ச்சியை இங்கே நினைவுகூரலாம். அவர்கள் சாதாரண மனிதர்களல்லர். கொலைத் தொழில் செய்யோம் என்று யுத்தத்தில் சேர மறுத்தவர்கள். யுத்தத்தாற் பட்டினி கிடந்த மக்களை மீட்கும் வழியைக் கண்டறிய உதவுமென்று தம் உடலைத் தாமே கொடுத்தவர்கள். மனோபலத்துக்கு இவர்களைக் காட்டிலும் சான்று வேண்டுமா? இருபத்து நான்கு கிழமைகள் அரைவயிற்று உணவு. கிழமைக்கு 22 மைல் நடக்க வேண்டும் என்பது விதி. மாதங்கள் செல்லச் செல்ல அவர்கள் எரிச்சலுற்றார்கள், ஒதுங்கினார்கள், எதிலும் பற்றற்றுப் போனார்கள். கொள்கை பேசிய வாய்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசின. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கொள்கை பொய்யாகவில்லை, அதைத் தாங்கும் உடல் தேய்ந்துவிட்டது.

இதை நம் முன்னோர் ஆராய்ச்சிசாலை இல்லாமலே அறிந்திருந்தனர். பசி வந்தாற் பறந்து போகும் பத்தினைப் பற்றிய பழமொழியைக் குழந்தைகளும் அறிவர். ஆனால் அந்தப் பத்து எவையென்று நம் மாணவரைக் கேட்டால் மானம், குலம், கல்வி என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஔவையாரின் நல்வழி தரும் அப்பட்டியலில் தவமும் இருக்கிறது, தாளாண்மையும் இருக்கிறது. தாளாண்மையாவது விடாமுயற்சி. பசி வந்தால் விடாமுயற்சியும் பறந்து போகும் என்று சொன்ன ஒரு மொழியிலே, விடாமுயற்சி இருந்தாற் பசியை வென்றுவிடலாம் என்று மேடையிலே பேசுகிறோம்.

மேடையைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறோம். நாம் கற்பிக்கும் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக ஆண்டுதோறும் மரதன் ஓட்டம் நடக்கும். ஓராண்டு, பாதி வழியில் வளைவொன்றிலே ஒரு மாணவி மயங்கிச் சரிந்தாள். முகத்தில் நீர் தெளித்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தபின், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். "பிளேன்டீ குடிச்சேன் சேர்" என்றாள். முந்திய இரவு? ரொட்டி ஒன்று, தம்பிக்குப் பாதி. அதே வேளையில் மைதானத்து ஒலிபெருக்கியில், மனமிருந்தால் மார்க்கமுண்டு என்ற பொருளில் ஒருவர் அழகாகப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஆசிரியர் சிலர் சொந்தக் காசு போட்டு, ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டுப் பாணும் கொடுத்தோம். அன்று எவரும் மயங்கவில்லை. ஓராண்டுக்குள் எல்லாப் பிள்ளைகளின் மனமும் இரும்பாகிவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலைவழியே நெடுந்தூரம் நடக்கும் மனிதருக்கு உடல் தளராமலும் மனம் குலையாமலும் செல்ல வழிசொல்லும் நூலொன்று தமிழில் உண்டு. அதை நாம் அந்தக் கண்ணோடு படிப்பதில்லை. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படையைக் குறிப்பிடுகிறோம். பெருங்கௌசிகனார் நன்னனைப் புகழ்ந்து பாடியது என்பது பரீட்சைக்குரிய விடை. ஆயின் அந்நூலின் பெரும்பகுதி அரசனைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. பன்றிக்கு வெட்டிய குழிகள் எங்கே இருக்கும், பாம்பு உறையும் இடம் எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வரும்போது எப்படி ஒதுங்குவது, இரவில் எங்கே தங்குவது என்றெல்லாம் சொல்லிச் செல்கிறது. எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் வாயூற வாயூறச் சொல்கிறது. நடப்பவர்களோ தனியாளல்லர்; வாத்தியங்களைச் சுமந்த, பெண்களும் உடன்வரும் ஒரு கூட்டம். உணவு, வழியறிவு, துணை, முடிவில் உறுதியாகக் கிடைக்கும் என்று நம்பத்தக்க ஒரு பயன்: இந்நான்கும் சேர்ந்த இடத்திலே புலவர் மன உறுதியை உபதேசிக்கத் தேவையில்லாமற் போயிற்று. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்வது ஆற்றுப்படை. அவன் சொல் பொய்யாகாது என்பதே அவ்விலக்கிய வகையின் ஆணிவேர்.

இதற்கு நேரெதிரான ஓர் ஆற்றுப்படையும் நமது வரலாற்றிலே உண்டு. கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் 1824இல் கோப்பித் தோட்டம் தொடங்கிய பின்னர், தமிழகத்துக் கிராமங்களுக்கு ஆள்கட்டப் போன கங்காணிகள் சொன்னது அது. தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தை, பிற்காலத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில் இன்றும் கேலியாக வழங்குகிறது. போய்வந்தவன் போகிறவனுக்குச் சொன்னதுதான் இதுவும். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காட்டினூடே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். நீரில்லாத காடு, காய்ச்சல், வாந்திபேதி. வழிச்செலவு கங்காணியின் கணக்கிலே கடனாக ஏறிக்கொண்டே வந்தது. உண்ட ஒவ்வொரு கவளமும் காலிலே இன்னொரு விலங்கு. எத்தனை பேர் அவ்வழியில் விழுந்தார்கள்! பஞ்சத்திலே வற்றிய உடலோடு கப்பலேறியவர்கள், கிளைக்கோஜன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அது தீர்ந்து விழுந்தார்கள். விழுந்தவர்களுக்கு மனோபலம் குறைவு, எழுந்து நடந்தவர்களுக்கு மிகுதி என்று யாராவது சொல்லத் துணிவார்களா? ஆனால் "அத்தனை இடரையும் மன உறுதியால் வென்ற நம் மூதாதையர்" என்று எழுதும்போது அதைத்தான் சொல்லிவிடுகிறோம். விழுந்தவரை இரண்டாம் முறையும் வழியிலே விட்டுவிட்டுப் போகிறோம்.

மலையகத்தை எழுதியவருள் தலைசிறந்தோர் இப்பிழையைச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935இல் வந்தது. அதிலே மருதியின் துன்பத்தை அவர் பொறுமைக்குப் போட்ட மாலையாக ஆக்கவில்லை. ஓர் உடல் எந்தெந்தக் கைகளால், எந்தெந்த நோயால் உருக்குலைக்கப்படுகிறது என்று ஈரமில்லாத குரலிலே சொல்லிப் போகிறார். அந்தக் குரலின் வறட்சியே அக்கதையின் அறம்.

சி. வி. வேலுப்பிள்ளை நமக்கு இன்னும் அண்மையர். கொத்மலையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராவதைக் கண்ணாற் கண்டவர். ஆங்கிலத்திலே அவர் எழுதி, சக்தீ பாலையா தமிழிலே தந்த தேயிலைத் தோட்டத்திலே என்ற நெடுங்கவிதை விடியற்காலைத் தப்பொலியோடு தொடங்குகிறது. இதை ஓர் அழகிய தொடக்கமென்று மாத்திரம் பாராட்டுவோர் உளர். நமக்கு அது முழுக் கவிதையின் திறவுகோலாகப் படுகிறது. ஓடுபவன் தன் நேரத்தைத் தானே தேர்கிறான். தோட்டத்தாளின் உடலை எழுப்புவது பிரட்டுக்களத்திலிருந்து வரும் பறை. வேகம் யாருடையது என்ற கேள்வியைச் சி. வி. முதல் அடியிலேயே வைத்துவிட்டார்.

விளையாட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு முதற்பாடம், உன் வேகத்தில் ஓடு என்பது. இரண்டாவது, முடியாவிட்டால் நிறுத்து. கொழுந்தெடுப்பவளுக்கு இவ்விரண்டும் கிடையா. அன்றைய அளவைத் தோட்டம் வைக்கிறது. பல தோட்டங்களில் அது 18 கிலோ. தராசு முன் நிற்கும்போது குறைந்தால் அரைப்பேர்: உழைத்தது முழுநாள், எழுதுவது அரைநாள். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பது வேறு. காலையில் கணக்குப்போட்டுக்கொண்டே அவள் நிரைக்குள் இறங்குகிறாள். வேல்சிலே சோதனைக்காகச் சிலருடைய மூளையை ஒன்றரை மணி நேரம் கசக்கினார்களே, அதை இங்கே நாள்தோறும் தராசும் கடைக் கடனும் இலவசமாகச் செய்துவிடுகின்றன. 1000 ரூபா நாட்சம்பளம் வேண்டுமென்று 2015இல் எழுந்த கோரிக்கை 2021இல்தான் நிறைவேறியது. 2024இல் அது 1350 ஆயிற்று. இடையிலே 2022இன் விலையேற்றம் வந்து, கூட்டியதைத் தின்றுவிட்டுப் போனது.

என். எஸ். எம். ராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து என்ற சிறுகதையை இவ்விடத்திலே மாணவர்கள் மறுபடியும் படிக்க வேண்டும். அறுபதுகளின் கதை. ஒருத்தி எடுத்த கொழுந்தின் நிறையும், அவளால் அவ்வளவு எடுக்க முடியுமா என்ற ஐயமுமே அதன் அச்சு. அவளை அவர் தியாகத் திருவுருவமாக்கவில்லை. வேலை தெரிந்த கைகளின் சொந்தக்காரியாக, மானமுள்ளவளாகக் காட்டுகிறார். நெடுநேர உழைப்பில் மனத்தை நிமிர்த்தி நிறுத்துவது சகிப்பன்று, தன் திறமையிலே ஒருவர் கொள்ளும் பெருமிதம் என்பது அக்கதையிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி. அப்பெருமிதத்தையும் றாத்தற் கணக்கிலே அளப்பவர் வேறொருவர் என்பதும் அக்கதையிலேயே இருக்கிறது.

இவர்களோடு ஒப்பிடும்போது, மலையக மகளைப் "பொறுமையின் சிகரம்" என்றும் "பச்சை மலையின் மெழுகுவர்த்தி" என்றும் பாடும் இன்றைய மேடைக் கவிதைகள் பெரும்பாலும் நமக்குச் சலிப்பையே தருகின்றன. நோக்கத்தில் குறையில்லை, ஆனால் பொறுமையைப் புகழ்வது, பொறுக்க வைத்தவனுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமாக முடிகிறது. இதன் மறுபுறத்திலே நம் அணியைச் சேர்ந்த கவிஞர் சிலரின் குறையும் உண்டு. அவர்கள் வரிகளில் தொழிலாளி என்றால் ஒட்டிய வயிறு மாத்திரமே. அவளுக்குப் பாட்டுத் தெரியும், கேலி தெரியும், கங்காணியின் நடையைப் போல நடந்து காட்டத் தெரியும் என்பதெல்லாம் அவ்வரிகளில் இடம்பெறுவதில்லை. வயிற்றை மறந்தவரும் வயிற்றை மாத்திரம் கண்டவரும் ஒரே மனிதப் பிறவியின் இரு பாதிகளைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் உண்ணும் ரொட்டியைப் பற்றியும் இப்படித்தான். "காய்ந்த ரொட்டி" என்பது நம் கவிதைகளில் ஏழ்மைக்கு ஒரு முத்திரையாகிவிட்டது. சற்று நிதானித்துப் பார்ப்போம். ஒரு ரொட்டிக்கு 50 கிராம் கோதுமை மா என்று வைத்துக்கொண்டாலும் அதில் 35 கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது. மேனாட்டு ஓட்டக்காரர் காசு கொடுத்து வாங்கிப் பிதுக்கி உண்ணும் இனிப்புப் பசைப் பொட்டலம் ஒன்றில் இருப்பதைவிட அது கூடுதல். இடித்த சம்பலில் உப்பும் இருக்கிறது. மத்தியானம் வரை மலையில் நிற்க உதவும் உணவு என்ற அளவில் ரொட்டியைப் பழிக்க நியாயமில்லை. அதைக் கண்டுபிடித்த கைகள் அறிவுள்ள கைகள். குறை வேறிடத்திலே இருக்கிறது. அன்றன்றைக்கு எரியும் விறகு வேறு, அடுப்பைக் கட்டும் மண் வேறு. பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் இல்லாத ரொட்டி, விறகாகும், அடுப்பைக் கட்டாது. போதாக்குறைக்கு, உணவோடு உணவாகக் குடிக்கும் சாயத் தேநீர், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விடாமல் தடுக்கிறது. தேயிலை தன்னைப் பறித்தவளின் இரத்தத்திலும் கழிவு பிடிக்கிறது போலும்! 2016இன் குடித்தொகைச் சுகாதார மதிப்பாய்வு, வயதுக்கேற்ற உயரமெட்டாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர் என்றும், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர் என்றும் கண்டது. மரதன் ஓட்டத்தின் தொடக்கக் கோடு மைதானத்திலே கீறப்படுவதில்லை. அது பிள்ளைமடுவத்திலே கீறப்பட்டுவிடுகிறது.

1973, 74இன் உணவுத் தட்டுப்பாட்டைக் கண்ட முதியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவ்வாண்டுகளில் தோட்டப்புற மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. மா வரிசையில் நின்ற கதையை அவர்கள் சொல்லும்போது மன உறுதி என்ற சொல்லை நாம் ஒரு தடவையேனும் கேட்டதில்லை. யார் யாருக்கு அரைக் கொத்து அரிசி கடன் கொடுத்தார்கள், எந்தக் காம்பராவில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்து யார் மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோனார்கள் என்பதைத்தான் பெயர் பெயராகச் சொல்கிறார்கள்.

மனத்தைத் தாங்கிய மற்றொரு தூணையும் விட்டுவிடலாகாது. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும் தோட்டங்களுக்குச் சென்று பார்ப்பவர்களுக்கு இது புரியும். பகலெல்லாம் மலையில் நின்ற அதே கால்கள் இரவெல்லாம் தப்புக்கு ஆடுகின்றன. களைப்பு எங்கே போயிற்று? பறை அங்கேயும் இருக்கிறது. ஆனால் இந்தப் பறை அவர்களுடையது. வேகம் அவர்களுடையது. லயத்துக்கு லயம் சேர்த்த காசில் தேநீரும் பலகாரமும் வருகின்றன. ஆடுபவனுக்குக் கால் தளர்ந்தால் பின்னால் நிற்பவன் குரல் கொடுக்கிறான். மலைபடுகடாத்தின் கூத்தர் கூட்டத்தை நாம் ஏட்டிலே தேடுகிறோம். அது காமன் பொட்டலிலே நின்று கொண்டிருக்கிறது. சி. வி. தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். கங்காணியைக் கிண்டல் செய்யும் ஒரு பாட்டு, பாடுபவளின் மூச்சை ஒழுங்குபடுத்துகிறது. நிரையில் நிற்கும் பத்துப்பேரையும் ஒரே சிரிப்பிலே சேர்க்கிறது. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதனைத் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் உத்தி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள்.

2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்த "மாண்புமிகு மலையக மக்கள்" நடைபயணத்தை நாம் ஓர் இலக்கியச் செயலாகவே கருதுகிறோம். இருநூறாண்டு நினைவாகப் பழைய வழியிலேயே நடந்தார்கள். ஆனால் இம்முறை வழி நெடுகிலும் தண்ணீரும் சோறும் தங்குமிடமும் இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவற்றைக் கொடுத்தார்கள். கால் கொப்பளித்தவர்களுக்கு மருந்திட ஆளிருந்தது. முடியாதவர் வண்டியிலேறிக்கொள்ளலாம். கடன் புத்தகம் எவர் கையிலும் இல்லை. அதே தூரம்தான். பழைய நடையில் இல்லாதவை எவையென்று இந்த நடை ஒரு சொல்லும் பேசாமற் காட்டிவிட்டது. பத்திரிகைகள் சில இதனையும் மன உறுதியின் பயணமென்று எழுதி முடித்துக்கொண்டன.

ஹற்றன் வெளிஓயாவைச் சேர்ந்த குமார் சண்முகேஸ்வரன் தேசிய மட்டத்தில் 10,000 மீற்றர் ஓட்டத்தை வென்றபோது மலையகம் மகிழ்ந்தது; நாமும் மகிழ்ந்தோம். இத்தகைய வெற்றி வரும்போதெல்லாம், வறுமையைத் தோற்கடித்த மனம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த எழுத்தைப் படிக்கும் லயத்துப் பிள்ளை, தான் தோற்றால் தன் மனமே காரணம் என்று எண்ணிக்கொள்ளாதா? அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார், காலையில் என்ன உண்டார், யார் வாங்கிக் கொடுத்தார்கள், எந்தப் பாதையில் ஓடிப் பழகினார், சப்பாத்து எப்படிக் கிடைத்தது என்று எழுதினால் அதுவே அப்பிள்ளைக்குக் கையிலே கொடுத்த ஆற்றுப்படையாகும்.

வடக்குப் பாதையில் நடந்தவர்கள் முடிச்சிலே என்ன கட்டி வந்தார்கள்? அவலா, கேழ்வரகு மாவா, வறுத்த கடலையா? எந்தக் குளத்தங்கரையில் உலை வைத்தார்கள்? கைப்பிள்ளைக்காரி பின்தங்கினால் பிள்ளையை யார் வாங்கிச் சுமந்தார்கள்? என்ன பாடினார்கள்? இவற்றை மையமாகக் கொண்ட ஒரு நாவல் நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. பூண்டுலோயாவுக்கும் புசல்லாவைக்கும் இடைப்பட்ட தோட்டங்களில், தம் பாட்டியின் வாயால் வழிக்கதை கேட்ட முதிய பெண்கள் பிள்ளைமடுவத்துத் திண்ணைகளில் இன்றும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறார்கள். உயர்தர வகுப்பிலே தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பயிற்சிக் கொப்பியும் கொண்டு அவர்களிடம் போகலாம். போகும்போது கால் கிலோ சீனியும் ஒரு பிஸ்கட் பக்கற்றும் எடுத்துச் செல்வது நல்லது. கதை நீளமாக இருக்கும்.